புள்ளிக்கு ஈரல் கொடுத்தது யார்?

கால்நடை மருத்துவர் அந்த எஃகுக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தபோது அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப் பக்கம் சுழல் நாற்காலியில் மருத்துவர். இந்தப் பக்கம் கிடந்த இரண்டு நாற்காலிகளில் இடது பக்கத்தில் மூத்த மருமகள், மடியில் கைப்பை, கைப்பைமேல் நாயின் ஊசிச் சீட்டு. வலது பக்கத்தில் அவள் கணவர். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தவர், நகக்கண்ணில் கிரீஸ்கூடப் போகவில்லை. வேறு இடம் இல்லாததால் நாய்களை எடைபோடும் மேடையின் ஓரத்தில் நாத்தனார். அவள் அசையும்போதெல்லாம் சுவரில் சிவப்பு எண்கள் ஏறி இறங்கின. அதை அவள் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. கதவோரத்து முக்காலியில் மாமனார், நாயின் கழுத்துப்பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு. பட்டைக்குரிய நாய், புள்ளி, சுவருக்கு அப்பால், வயிற்றில் தையலோடு மயக்கம் தெளியாமல் கிடந்தது.

கிண்ணத்தில் கற்கள் இருந்தன. பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், வழுவழுவென்று, யாரோ தேய்த்துப் பாலிஷ் போட்டது மாதிரி.

"இதெல்லாம் மூத்திரப்பையில இருந்தது," என்றார் மருத்துவர். "அதுல ரெண்டு கீழ எறங்கி வழிய அடைச்சுக்கிச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா பை கிழிஞ்சிருக்கும். நான் உங்ககிட்ட வேற விஷயம் பேசிட்டு இருந்திருப்பேன்."

கணவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "கல்லா? நாய்க்கா?"

"இந்த நாய்க்கு. டால்மேஷன் உடம்பு வாகு அப்படி. மத்த நாய்ங்க யூரிக் அமிலத்த உடைச்சு வெளிய தள்ளிடும். இதுக்கு அது சரியா நடக்காது. உள்ள சேந்து சேந்து கல்லாயிடும். அதனாலதான் அன்னிக்கே சொன்னேன், ஈரல் கூடவே கூடாது, உறுப்புக் கறி எதுவும் கூடாதுன்னு." அவர் கிண்ணத்தை லேசாக ஆட்டினார். உள்ளே சலசலவென்றது. "சொல்லுங்க. யாரு ஈரல் குடுக்கறது?"

யாரும் யாருக்கும் கண்ணைக் காட்டவில்லை. ஆனாலும் மூன்று தலைகள் ஒரே வாட்டமாக முக்காலியின் பக்கம் திரும்பின. மூன்றும் திரும்பியதால் மருத்துவரும் திரும்பினார்.

"என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார் மாமனார்.

பார்த்ததற்குக் காரணம் இருந்தது. மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். லாரி அளவுப் பெட்டியைத் தூக்கி ஒரு கீறல் விழாமல் கப்பலுக்குள் இறக்கிய கை, சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு துண்டை மேசைக்கடியில் இறக்குவதிலும் கைதேர்ந்ததாக இருந்தது. வீட்டில் முன்பிருந்த பக் நாய்க்கு 'உருளை' என்று பெயர் வந்ததே அவரால்தான். உருளை கடைசிக் காலத்தில் படி ஏற முடியாமல் படியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

புள்ளி அவருடைய இளைய மகனின் நாய். அவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறவன். கப்பல் ஏறும்போது நாயை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, எல்லாரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்: "அண்ணி, சாப்பாடு உங்க பொறுப்பு. அப்பா கையால ஒரு துணுக்குக்கூட உள்ள போகக்கூடாது. போச்சுன்னு தெரிஞ்சா, வாங்கின பண்ணைக்காரர்கிட்டயே நாயத் திருப்பிக் குடுத்துடுவேன். அவரு எப்ப வேணா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு." அதற்கு மாமனார், "நாயக் குடுக்கறதோட நிறுத்திக்கப்பா, என்னையும் சேத்துக் குடுத்துடாத," என்று சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து காலையும் மாலையும் புள்ளியை நடத்திக்கொண்டு போவது அவர்தான். அந்த நடைக்காகவே அவர் சவரம் செய்துகொண்டார், சட்டையை இஸ்திரி போட்டார். வேலையை விட்டபிறகு அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது அப்போதுதான்.

மூத்த மருமகள் மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறவள். எதையும் படித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள். படித்ததை நம்பாமல் பின்பக்கத்தையும் திருப்பிப் படிப்பாள். மாமனார் அவளுக்கு வைத்த பெயர் 'லேபிள்'. புள்ளி வந்ததும் அவள் மூன்று வகைத் தீனியின் சிறு பொட்டலங்களை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினாள். வாத்து, வான்கோழி, கோழி. பறவைக் கறிதான் வேண்டும், மாட்டுக்கறி இந்த நாய்க்குச் சேரவில்லை, சொறி வருகிறது என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். வாத்துப் பொட்டலத்தின் முன்பக்கம் பெரிதாக வாத்து நீந்தியது. பின்பக்கம் இரண்டாவது வரியிலேயே வாத்து ஈரல். வான்கோழியில் 'பறவை உறுப்புகள்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தது. கோழிப் பொட்டலத்தில் கோழிக்கறி, அரிசி, முட்டை என்று நேராக இருந்தது. அவள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் ஈரல் அகப்படவில்லை.

"ஏம்மா லேபிள்," என்றார் மாமனார் அன்று, "உனக்கு மாப்பிள்ள பாக்கறப்ப உங்கப்பா இப்படித் திருப்பித் திருப்பிப் படிச்சிருந்தா, என் பையன் இன்னும் தனியாத்தான் இருந்திருப்பான்."

"என் பின்பக்கத்துல என்ன போட்டிருக்காம்?" என்றார் கணவர்.

"நல்லாக் குலுக்கிப் பயன்படுத்தவும்னு போட்டிருக்கு," என்றாள் நாத்தனார். மாடி வீட்டில் இருந்துகொண்டு தையல் வகுப்பு நடத்துகிறவள் அவள். ஊசி கையில் இல்லாதபோதும் குத்துவாள்.

அந்தக் கோழித் தீனியை மருத்துவரும் சரி என்றார். புள்ளி முதலில் அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு மருத்துவர் சொன்னபடி மருமகள் தன் கையாலேயே தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்ததும், கிண்ணத்தைத் தரையெல்லாம் உருட்டி நக்கியது. தான் தேர்ந்தெடுத்தது பலித்துவிட்டது என்று அவளுக்குப் பூரிப்பு. மாதங்கள் நன்றாகத்தான் ஓடின.

பிறகுதான் அந்த மத்தியானம் வந்தது. தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் புள்ளி காலைத் தூக்கியபடி நின்றது, நின்றுகொண்டே இருந்தது, ஒரு சொட்டு வரவில்லை. அடுத்த கம்பத்துக்குப் போய் மறுபடி நின்று, இம்முறை முனகியது. மாமனார் அந்தப் பெரிய நாயை அப்படியே இரு கைகளிலும் வாரிக்கொண்டு வீடுவரை ஓடிவந்தார். வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் மருமகள் காரணம் கேட்காமல் வண்டியை வரச் சொன்னாள். அந்த மனிதரைத்தான் இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவமனை நடையில் வைத்து நாத்தனார் ஆரம்பித்தாள். "அப்பா, ஒத்துக்கிட்டாதான் என்ன? யாரும் உன்னக் கடிச்சுத் திங்கப்போறதில்ல."

"குடுக்கலம்மா."

"உருளைக்கும் இதேதான் சொன்னீங்க," என்றார் கணவர்.

"உருளைக்குக் குடுத்தேன். குடுத்துட்டுக் குடுக்கலன்னு பொய் சொன்னேன். இதுக்குக் குடுக்கல, குடுக்கலன்னு நெசத்தச் சொல்றேன். ரெண்டும் காதுல ஒரே மாதிரி கேக்குது. அதுக்கு நான் என்னடா பண்ணட்டும்?"

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள், வழக்கம்போல இரண்டு பக்கமும் படித்துவிட்டுச் சொல்வாள் என்று எதிர்பார்த்த பார்வை அது. அவளுக்கோ கிண்ணத்தின் சலசலப்பு காதைவிட்டுப் போகவில்லை.

"மாமா, டாக்டர் பொய் சொல்லமாட்டார்," என்றாள். "கல்லும் பொய் சொல்லாது."

அதற்குப்பிறகு அவர் வாதாடவில்லை.

அன்று மாலையே அவள் கொழுந்தனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கப்பலுக்குப் போன் எட்டாது. கப்பல் கம்பெனியின் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் தபால் பையோடு ஏற்றுவார்கள். அவசரப் பதிலென்றால் கப்பலிலிருந்து கம்பெனிக்குச் செய்தி வரும், அங்கிருக்கும் எழுத்தர் வீட்டுக்குப் போன் செய்து படித்துக்காட்டுவார். அடைப்பு, அறுவை, கல், மருத்துவர் சொன்னது எல்லாவற்றையும் முறையாக எழுதினாள். 'ஈரல் கொடுத்தது மாமாவாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டு யோசித்தாள். அந்த வீட்டில் ஈரல் கொடுக்கக்கூடிய வேறு ஆள் யார்? அடித்துவிட்டு, 'மாமாவாகத்தான் இருக்க வேண்டும்' என்று திருத்தினாள். மறுநாள் கணவர் வேலைக்குப் போகிற வழியில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

புள்ளி வீடு திரும்பியது, கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கூம்போடு. தையல் பிரிக்கும்வரை மருத்துவமனையில் தந்த டப்பா உணவு மட்டுமே என்று உத்தரவு. அந்த நாட்களில் மாமனார் தன் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு உள்ளே வரும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தூக்கிக் காட்டினார், கிடங்கு வாசலில் சோதனைக்கு நிற்கிற ஆள் மாதிரி. யாரும் காட்டச் சொல்லவில்லை. முதல் தடவை பார்த்தபோது மருமகளுக்குச் சுருக்கென்றது. வீம்புக்குச் செய்கிறார் என்று நினைத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். கூம்பு சுவரில் இடிக்க இடிக்கப் புள்ளி அவர் பின்னாலேயே போனது. அவர் அதைத் தொடாமல், "போடா, போய் லேபிள்கிட்ட இரு," என்று விரட்டினார்.

ஒரு நாள் அவள் மருந்தகத்திலிருந்து வந்து சாவியைத் திருப்பும்போது, உள்ளே அவர் போனில் பேசுவது கேட்டது.

"ஆமாங்க, வீடுதான்... கம்பெனியிலேர்ந்தா? சொல்லுங்க, எழுதிக்கறேன். மெதுவாச் சொல்லுங்க." பேனா கிறுக்கும் சத்தம். அவர் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். "'நாயைப் பண்ணைக்காரரிடம்... ஒப்படைத்துவிடவும். அவருக்குத் தகவல்... கொடுத்துவிட்டேன். ஞாயிறன்று வருவார்.' சரி. அப்பறம்? 'அதுவரை... அப்பாவிடம்... தனியாக... விட வேண்டாம்.' ஆமாங்க. 'அப்பாவிடம்.' எழுதிட்டேன்." பிறகு பேனாவை வைக்கும் சத்தம். "நானா? நான் வீட்டுல இருக்கறவன்தாங்க. சொல்லிடறேன். நன்றிங்க."

அவள் வாசலில் நின்ற இடத்திலேயே உறைந்துபோனாள். அந்தச் செய்தி யார் காதில் விழக்கூடாதோ அவர் காதிலேயே, முன்பின் தெரியாத ஒரு குரல், எழுத்துக்கு எழுத்து ஓதிவிட்டுப் போயிருக்கிறது. அவர் அவளைக் கண்டதும் காகிதத்தை நீட்டினார்.

"எழுத்து புரியுதா பாரும்மா. கை கொஞ்சம் ஆடிடுச்சு."

எழுத்து நன்றாகவே புரிந்தது.

தையல் பிரிக்கும் நாள் அதே வாரத்தில் வந்தது. மாமனார் கூட வந்தார், ஆனால் மருத்துவரின் அறைக்குள் வரவில்லை. தையலைப் பிரித்து, கூம்பைக் கழற்றி, புள்ளியை வெளியே விட்டதும் வாசல் படியில் அதோடு உட்கார்ந்துகொண்டார். மருமகள் மட்டும் உள்ளே இருந்தாள். பண்ணைக்காரருக்குச் சொல்லியனுப்பவாவது சரியான தீனி எதுவென்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பழைய கோழிப் பொட்டலத்தின் உறையையும் புதிதாக இரண்டு உறைகளையும் கொண்டுவந்திருந்தாள்.

மருத்துவர் பழைய உறையைத்தான் எடுத்துத் திருப்பிப் படித்தார். "இதையே குடுக்கலாமே. ஈரல் இல்ல, பாதி புரதம் முட்டையிலேர்ந்து வருது. இந்த இனத்துக்குக் கோழித் தீனியில இதவிட நல்லதா நான்கூட எடுத்திருக்கமாட்டேன்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் உறையைக் கீழே வைத்தார். "அதுதான் எனக்கே இடிக்குது. எப்பவோ ஒரு துண்டு ஈரல் குடுத்தா இவ்வளவு கல்லு சேராது. தெனம் தெனம் ஏதோ போயிருக்கணும். காலையிலேர்ந்து என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொல்வதற்கு அவளுக்கு என்ன தயக்கம்? மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் சொன்னாள். "நீங்க ரெண்டு விஷயம் சொன்னீங்க, டாக்டர். தீனியத் தண்ணியில ஊறவெச்சுத்தான் குடுக்கணும், உள்ள தண்ணி நிறையப் போகணும்னு. அப்பறம், சாப்பிட அடம் பிடிச்சா கோழி நெஞ்சுக்கறி கொஞ்சம் வேகவெச்சு, தண்ணிய வடிச்சுட்டு, கறிய மட்டும் மேல தூவுங்கன்னு. ரெண்டையும் ஒருநாள்கூடத் தவறவிடல. கறிய வேகவெச்சு வடிப்பேன். வடிச்ச தண்ணிய ஃப்ரிட்ஜுல வெச்சு, மேல கட்டுற கொழுப்ப வழிச்சு எடுத்துடுவேன். ஒரு பொட்டுக் கொழுப்பு இருக்காது. அப்பறம் அந்தத் தண்ணியிலதான் தீனிய—"

மருத்துவரின் பேனா நின்றுவிட்டதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"அந்தத் தண்ணியிலயா ஊறவெச்சீங்க?"

"ஆமா. வெறும் தண்ணியில ஊறவெச்சா மோந்துகூடப் பாக்கல. இதுல வெச்சா கிண்ணத்தயே முழுங்கிடும் போல இருக்கும்."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும்." அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

"மேடம், வடிக்கச் சொன்னது கொழுப்புக்காக இல்ல." மருத்துவர் மெதுவாகப் பேசினார். "யூரிக் அமிலமா மாறுற சத்து கறியில இருக்கு. வேகும்போது அது தண்ணியில எறங்கிடும். அதனாலதான் தண்ணியக் கொட்டச் சொல்றது. கொழுப்ப எடுத்தா அது போகாது. நீங்க கறியிலேர்ந்து அத வெளிய எடுத்து, வடிகட்டி, சுத்தம் பண்ணி..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. "என் பேர்லயும் தப்பு இருக்கு. வடிங்கன்னு சொன்னேன், ஏன்னு சொல்லல."

அவள் மருந்தகத்துக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'இதையும் அதையும் சேத்துச் சாப்பிடாதீங்க, தனித்தனியா நல்லதுதான், சேந்தா ஆபத்து' என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறாள். இரண்டு சரியான காரியங்களை ஒரே பாத்திரத்தில் ஊற்றி, சொந்தக் கையால் கலக்கி, வேளை தவறாமல் அந்த வாயில்லா ஜீவனுக்கு முன்னால் வைத்திருக்கிறாள். அது வாலை ஆட்டிக்கொண்டு குடித்தபோது பக்கத்தில் நின்று பெருமைப்பட்டிருக்கிறாள். கிண்ணத்தில் சலசலத்தது அவள் கைவண்ணம். அதை வைத்துக்கொண்டுதான் 'கல்லு பொய் சொல்லாது' என்று ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"இத வீட்டுல போய்ச் சொல்லியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல," என்றார் மருத்துவர், அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு. "இனிமே வெறும் தண்ணி ஊத்துங்க. முட்டைய வேகவெச்சு மசிச்சுப் போட்டா சாப்பிட்டுடும். அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். அறைக் கதவிலிருந்து வாசல் படிவரை உள்ள தூரத்தை அவள் நடந்து கடக்கும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரர் வருவார், நாய் போய்விடும், கோழித் தண்ணீரும் அதோடு போய்விடும். வீட்டில் எல்லாரும் ஏற்கெனவே முடிவுகட்டிய ஒரு விஷயத்தை எதற்குக் கிளற வேண்டும்?

வாசல் படியில் மாமனார் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூம்பு போன தலையைப் புள்ளி அவர் செருப்பின்மேல் சாய்த்திருந்தது. அவர் அதைத் தடவவில்லை. கைகள் இரண்டும் முழங்கால்மேல் கிடந்தன, உள்ளங்கை மேலே பார்க்க. பார்ப்பதற்கு யாருமில்லாத இடத்திலும் அவர் காட்டிக்கொண்டிருந்தார். அப்படியானால் அது வீம்பில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"மாமா, ஈரல் யாருமே குடுக்கல. நான்தான் பண்ணிட்டேன். கறி வடிச்ச தண்ணியில ஊறவெச்சுக் குடுத்தேன் பாருங்க, அதுலதான் கல்லு வந்திருக்கு. இப்பதான் டாக்டர் சொன்னார்."

அவர் வெடிப்பார் என்று அவள் காத்திருந்தாள். வெடித்திருந்தால் தேவலாம். அவர் மெதுவாகத் திரும்பி, நம்பாதவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

"அப்போ... நான் குடுக்கலியா?"

"மாமா?"

"நெசமாவே நான் குடுக்கலியாம்மா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கதானே குடுக்கலன்னு அன்னிக்கு அடிச்சுச் சொன்னீங்க?"

"அன்னிக்குச் சொன்னேன். அப்பறம் வீட்டுக்குப் போய் யோசிச்சேன். எல்லாத்தயும் ரெண்டு பக்கமும் படிக்கற பொண்ணு, அது சும்மா சொல்லுமா? அப்பதான் பயம் வந்துச்சு. நானே குடுத்துட்டு, குடுத்தத மறந்துட்டேன் போலன்னு." அவர் தன் கைகளைப் பார்த்தார். "நடுவுல ஒரு நாள் கண்ணாடிய சட்டப்பையில வெச்சுக்கிட்டே வீடு பூராத் தேடினேன். சரி, ஆரம்பிச்சிடுச்சுடான்னு முடிவுக்கே வந்துட்டேன். சாப்பிட்டு எழுந்தா ஒவ்வொரு தடவையும் கைய மோந்து பாப்பேன், ஈரல் வாடை அடிக்குதான்னு. உங்களுக்கு மட்டுமா காட்டினேன், நானும்தான் பாத்துக்கிட்டேன். கிரேன்ல இருந்தப்ப என் கை என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாம ஒரு நாள் இருந்ததில்லம்மா."

நாய்க்குச் செய்தது தெரியாமல் செய்தது. கல்லை அறுத்து எடுத்தாயிற்று. இந்த மனிதருக்குள் அவள் போட்ட கல்லை எந்த ஸ்கேனில் தேடுவது? அவர் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். அவள் அதே வீட்டில் இருந்துகொண்டு அதை வீம்பு என்று படித்திருக்கிறாள்.

"கல்லு பொய் சொல்லாதுன்னியே," என்றார் அவர். இப்போது குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது.

"கல்லு சொல்லல மாமா. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

"கல்லுல லேபிள் ஒட்டல இல்ல, நீ என்ன பண்ணுவ பாவம்." அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கை தானாக இறங்கிப் புள்ளியின் காதுக்குப் பின்னால் சொறிய ஆரம்பித்தது. புள்ளி ஒரு பெருமூச்சோடு முழு எடையையும் அவர் கால்மேல் போட்டது.

வீட்டில் அவள் நின்றுகொண்டே சொன்னாள். நாத்தனார் கையிலிருந்த துணியை அப்படியே மடியில் விட்டுவிட்டு, "அண்ணி, நீங்களா?" என்றாள். பிறகு நாலு வார்த்தை குத்தலாகச் சொல்ல வாயெடுத்தவள், மருத்துவமனை நடையில் தான் அப்பாவிடம் பேசியது நினைவுக்கு வந்ததோ என்னவோ, பாதியில் அடங்கிவிட்டாள். கணவர் அப்பாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், நகத்துக் கிரீஸைப் பார்த்தார்.

"அப்பா, உருளைய வெச்சுத்தான் நான்—"

"உருளைய விடு. அது என் கணக்கு, நான் பாத்துக்கறேன்," என்றார் மாமனார். "மொதல்ல ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வழி பண்ணுங்க."

மருமகள் பண்ணைக்காரருக்குப் போன் செய்தாள். ஞாயிறன்று வர வேண்டாம், கப்பலிலிருந்து மறுபடி பதில் வந்தபிறகு பேசுவோம் என்றாள். அவர் முனகினார், நாயின் சொந்தக்காரர் சொன்னதை மீற முடியாதே என்றார். "சொந்தக்காரருக்கு நான் எழுதின தகவல் தப்பு. சரியான தகவல் இன்னிக்குப் போகுது. அதுவரைக்கும் நாய் இங்கதான் இருக்கும், நான் பொறுப்பு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதன்பிறகு சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்தாள். மாமனார் எதிரில் உட்கார்ந்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளைப் பின்தொடர்ந்தார்.

'அன்புள்ள தம்பிக்கு, அண்ணி எழுதுவது. போன கடிதத்தில் மாமாவைப் பற்றி நான் எழுதியது பொய். அவர் புள்ளிக்கு எதுவும் கொடுக்கவில்லை. கோழிக்கறி வேகவைத்த தண்ணீரில் தீனியை ஊறவைத்து இரண்டு வேளையும் நான் கொடுத்ததால்தான் கல் வந்தது. மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். தீனி அதே கோழித் தீனிதான். இனி வெறும் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்த முட்டையோடு கொடுக்கிறோம். நோய் வந்ததை முதலில் கண்டுபிடித்ததும், சுமந்துகொண்டு ஓடிவந்து காப்பாற்றியதும் மாமா. ஆகவே உன் பதில் வரும்வரை பண்ணைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாயை நம்பி விடக்கூடாத ஆள் என்று யாரையாவது சொல்வதானால் என்னைச் சொல்.'

"கடைசி வரி வேணாம்," என்றார் மாமனார்.

"ஏன் மாமா?"

"உன்னையும் நம்பாம, என்னையும் நம்பலன்னா அவன் நாயக் கப்பலுக்குத்தான் கூப்பிட்டுக்கணும். அடி அத."

அவள் அடித்தாள்.

"இன்னொரு வரி போடு. அப்பாவுக்கு ஞாபகமெல்லாம் நல்லா இருக்குன்னு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'மாமாவின் நினைவில் ஒரு குறையும் இல்லை. அவர் சொன்னதே உண்மை, நாங்கள்தான் கேட்கவில்லை' என்று எழுதினாள். அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, உதட்டை அசைத்து, அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

கணவர் கைநீட்டினார், "குடு, காலையில போற வழியில—"

"நீ இரு. போன தடவ நீதான் கொண்டுபோன, ரொம்பச் சீக்கிரமாப் போய்ச் சேந்துடுச்சு," என்றார் மாமனார். அவர் எழுந்து இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார்.

கம்பெனி அலுவலகம் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது. அடைக்கிற நேரமாகிவிட்டதால் எழுத்தர் பாதி ஷட்டரை இறக்கிவைத்திருந்தார். இருவரும் குனிந்துதான் உள்ளே போனார்கள். மருமகள் உறையின் பசையை நனைத்து மடக்கினாள். ஓரம் ஒட்டாமல் எழும்பியது. மாமனார் அதை வாங்கி, மரப்பலகையில் வைத்து, கட்டைவிரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாக அழுத்தித் தேய்த்தார். எழுத்தர் அதை எடைபோட்டு, முத்திரையைக் குத்தி, கப்பலின் பெயர் போட்ட சாக்குப்பையில் போட்டார். பையின் வாயைச் சுருக்கிக் கயிற்றை இறுக்கினார். வாசலில் நின்ற வண்டி அதை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.